மெழுகின் உள்பக்கம்

விடியற்காலை நாலு மணிக்குக் கிலேன் வந்து
என்னை வைக்கோலால் திணிக்கிறான்.
நெஞ்சில் ஒரு கூன், முதுகில் ஒரு கூன்.
"மூச்சை இழு."
இழுக்கிறேன். இன்னும் ஒரு பிடி.
சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாய்த் தைத்த சிங்கங்கள்
என் வயிற்றின் மேல் புடைத்து எழுகின்றன.
சான்ட்ரின் இடுப்பு மணிகளைக் கட்டி
முடிச்சை இரண்டுமுறை இழுத்துப் பார்க்கிறாள்.

தெருமுனையில் மேளம்.
பான்ஷ் ஊரில் இன்றைக்கு
மேளம் வந்து அழைக்காமல் எவனும் வாசல் தாண்டக் கூடாது.
வீட்டுக்கு ஒருவனாய்ப் பொறுக்கி
இரண்டாக்கி, ஏழாக்கி, நாற்பதாக்கி
கட்டைச் செருப்புச் சத்தம் ஒரே சத்தமாகும்வரை
எங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது.

மூன்று வருஷமாக
என் முகத்தின் இடப்பாதி தூங்குகிறது.
ஒரு நவம்பர் காலை, பல் துலக்கும்போது
தண்ணீர் தானாக வழிந்தது.
டாக்டர் ஒரு நரம்பின் பெயரைச் சொன்னார்.
ஆறு வாரத்தில் திரும்பிவிடும் என்றார்.

சிரித்தால் அழுவதுபோல் இருக்கிறதாம்.
அழுதால் கிண்டல் செய்வதுபோல்.
இரண்டையும் குறைத்துக்கொண்டேன்.
ரொட்டிக்கடை வரிசையில் அஷீல்
எப்போதும் என் வலப்பக்கமாகவே வந்து நிற்பார்,
பேசும்போது என் தலைக்கு மேல் தொங்கும்
விலைப்பலகையைப் படிப்பார்.
நல்ல மனுஷர்தான்.

நகர மண்டபத்துக்கு முந்தின திருப்பத்தில்
எல்லோரும் ஒன்றாக மாட்டுகிறோம்.
மெழுகு பூசிய துணி. ரோஜாக் கன்னம்,
வரைந்த பச்சைக் கண்ணாடி,
முறுக்கு மீசை, துளித் தாடி.
ஆயிரம் பேருக்கு ஒரே முகம்.
இந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான்
வருஷம் முழுக்கப் பீரைக் குறைத்துக் காசு சேர்க்கிறேன்.
கூட்டம் என்னைப் பார்க்கிறது. நேராகப் பார்க்கிறது.
உள்ளே நான் கோணலாய்ச் சிரிக்கிறேன்,
பயமில்லாமல், வாய் ஒழுக.

அப்போது நடைபாதையிலிருந்து
சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று ஓடி வருகிறது.
ஃபனெட். ஐந்து வயது.
"பப்பா!"
எனக்கு மூன்றாள் முன்னால் போகிறவனின்
கையைப் பிடித்துக்கொள்கிறாள்.
அவன் குனிந்து பார்க்கிறான்,
சுள்ளிக்கட்டை மறு கைக்கு மாற்றி
விரல்களைக் கொடுக்கிறான்.

என் முகம்தான் அது.
என் முகம் என் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறது.
நான் பின்னால் நடக்கிறேன்.
கத்தினேன். மெழுகு என் குரலை
எனக்கே திருப்பித் தந்தது.
வரிசையை உடைத்து ஓடலாம்.
மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போது
யாரும் உடைத்ததில்லை.
நானும் உடைக்கவில்லை. இதை எழுதிவைக்கிறேன்.

மண்டபத்து வாசலில் கழற்றினோம்.
அவித்த உருளைக்கிழங்குகள்போல்
ஆயிரம் தலைகள் ஆவி விட்டன.
ஃபனெட் அண்ணாந்து பார்த்தாள்.
அவள் கையில் இருந்தது அஷீலின் கை.

"இது இல்லை," என்றாள்.
"இது நேராயிருக்கு."

யார் பிள்ளை என்று தேட வேண்டியிருந்ததால்
அஷீல் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டே வந்து
என் முகத்தில் நின்றார்.
முழுதும் பார்த்தார். வலது. இடது.
வழிகிற மூலை.
அவளை என்னிடம் விட்டுவிட்டு,
"கை சில்லிட்டிருக்கு, உறை போட்டுவிடுங்கள்" என்றார்.
அவள் வழக்கம்போல்
தன் சட்டைக் கையால் என் வாயைத் துடைத்தாள்.

மதியம் தீக்கோழி இறகுத் தொப்பி, ஆரஞ்சு வீச்சு,
அதெல்லாம் நடந்தது.

ராத்திரி, சமையலறைத் தரையெல்லாம் வைக்கோல்.
பெட்டியில் வைக்குமுன் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
வெளியே மீசை, கன்னம், பச்சைக் கண்ணாடி,
எல்லாம் அப்படியே.
உள்ளே, இடது வாய் மூலையில்
என் மூச்சும் எச்சிலும் கசிந்த இடத்தில்
ஒரு விரற்கடை அகலம்
மெழுகு இளகி, துணி நொய்ந்து கிடக்கிறது.

சான்ட்ரின் துடைக்க வந்தாள்.
இருக்கட்டும் என்றேன்.